திருச்சி – மெல்பர்ன்: மலிவு விமானத்தில் போனால் உண்மையிலேயே காசு மிச்சமா?

காவிரிக்கரை

வணக்கம். மெல்பர்னில் இருக்கும் என் மகளுக்கு மார்ச் கடைசியில் பிரசவம். நானும் மனைவியும் பிப்ரவரியில் கிளம்பி, பேரப்பிள்ளையைப் பார்த்து, மகள் கொஞ்சம் தேறியதும் திரும்பலாம் என்று இருக்கிறோம். இருவருக்கும் 60 தாண்டிவிட்டது. மனைவிக்கு மூட்டுவலி, அதிக தூரம் நடக்க முடியாது.

கோலாலம்பூர் வழியாக மலிவு விமானத்தில் வரச் சொல்கிறார் மருமகன். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. கொழும்பு வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ, பெட்டியும் சாப்பாடும் டிக்கெட் விலையிலேயே அடங்கிய முழுச்சேவை விமானத்தில்தான் வரவேண்டும் என்கிறாள். திரையில் பார்த்தால் ஆளுக்குப் போக வர 18,000 ரூபாய் போல வித்தியாசம் தெரிகிறது. இரண்டு பேருக்கு 36,000. ஓய்வூதியத்தில் ஓடும் வீட்டுக்கு அது பெரிய பணம்.

சிங்கப்பூருக்கு மலிவு விமானத்தில் போய்வந்த பழக்கம் உண்டு, அதில் குறை ஒன்றும் இல்லை. நாலு மணி நேரப் பயணத்தில் மிச்சமாகும் காசு, இரண்டு விமானம் மாறிப் போகும் நீண்ட பயணத்திலும் மிச்சமாகுமா? போய்வந்தவர்கள், தொழில் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

டிக்கெட் மேசை

வணக்கம் ஐயா. தில்லைநகரில் டிக்கெட் போடுவதுதான் எனக்குத் தொழில். ஆஸ்திரேலியாவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் எல்லாரும் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

நீங்கள் பார்த்த 18,000 வெறும் இருக்கை விலையின் வித்தியாசம். மலிவு விமானத்தில் அந்த விலைக்குக் கிடைப்பது ஒரு இருக்கையும், 7 கிலோ கைப்பையும். சில நிறுவனங்களில் கைப்பை 10 கிலோ. அவ்வளவுதான். பிரசவத்துக்குப் போகிறவர்கள் யாரும் 7 கிலோவோடு போனதாக நான் பார்த்ததில்லை.

ஒரு ஆளுக்குக் கணக்குப் போடுவோம். விலை தினம் மாறும், அதனால் எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், எது எங்கே ஏறுகிறது என்று மட்டும் பாருங்கள். மலிவு விமானம் 36,000, முழுச்சேவை 54,000 என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ பெட்டிக்குப் போக வர 9,000. ஆயிற்று 45,000. நாலு விமானத்திலும் ஒரு வேளைச் சாப்பாடு, 600 வீதம் 2,400. நீங்களும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றால் இருக்கை தேர்வுக்கு 700 வீதம் 2,800. இப்போதே 50,200. பணத்தை ரிங்கிட்டிலோ டாலரிலோ எடுத்தால் நம் வங்கி கார்டுகள் பலவும் 3.5 சதவீதம் வரை மேலே போடும். அது 1,700க்கு மேல். 52,000 ஆகிவிட்டது. கையில் நிற்பது 2,000.

அந்தப் பக்கம் 54,000இல் 25 அல்லது 30 கிலோ பெட்டி, சாப்பாடு, தண்ணீர், போர்வை எல்லாம் உள்ளடக்கம்.

இன்னொன்று. பெட்டியை டிக்கெட் போடும்போதே வாங்கிவிட வேண்டும். விமான நிலையத்தில் போய் நின்றுகொண்டு கிலோ வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும்.

படிக்கவந்தவன்

மேசை அண்ணன் கணக்கு குடும்பத்துக்குச் சரி. ஆனால் அதை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது.

நான் சிட்னியில் படிக்கிறேன். விடுமுறைக்குத் திருச்சி வரும்போது தோளில் ஒரு பை, அதில் லேப்டாப், இரண்டு சட்டை. துணிமணி வீட்டில் இருக்கிறது. இருக்கை எங்கே விழுந்தாலும் சரி. பசித்தால் வழியில் வாங்கிக்கொள்வேன். எனக்கு அந்த 18,000 முழுசாகவே மிச்சம். பகுதிநேர வேலை பார்த்துச் சம்பாதிக்கிறவனுக்கு அதன் அருமை தெரியும்.

இதை யாரும் பேசுவதில்லை: மலிவு விமானத்தில் போவதற்குத் தனி விலை, வருவதற்குத் தனி விலை. பெரிய நிறுவனங்களில் ஒருவழி டிக்கெட் கேட்டால் பல நேரம் போய்வரும் டிக்கெட்டில் பாதியைவிட நிறைய அதிகமாகச் சொல்வார்கள். தேர்வு அட்டவணை வந்தபிறகுதான் எங்களுக்குத் திரும்பும் தேதியே தெரியும். அந்த நிலையில் இருப்பவனுக்கு மலிவு விமானம் கொடுக்கும் சுதந்திரத்தை வேறு யாரும் கொடுப்பதில்லை.

முதல்முறை படிக்க வருகிறவர்களுக்கு மட்டும் நானே மலிவு விமானம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். குக்கர் முதல் போர்வை வரை கட்டிக்கொண்டு வருவோம். பெரிய விமானங்கள் சிலவற்றில் மாணவர் கட்டணம் என்று தனியாக உண்டு, அதில் பெட்டிக்குக் கூடுதல் கிலோ கிடைக்கும்.

ஹேங்கர் 3

விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். காவிரிக்கரை ஐயா கேட்டதில் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: நாலு மணி நேரத்தில் வரும் மிச்சம் ஏன் நீண்ட பயணத்தில் வருவதில்லை? அதற்குத் தொழில்முறையில் காரணம் உண்டு.

டவுன் பஸ்ஸுக்கு எத்தனை நடையோ அவ்வளவு வசூல். குறுகிய தூர மலிவு விமானமும் அப்படித்தான். தரையிறங்கிய விமானத்தை 25, 30 நிமிடத்தில் ஆளை இறக்கி ஏற்றித் திரும்பக் கிளப்பிவிட்டால், ஒரு நாளில் ஒன்றிரண்டு நடை கூடுதலாகக் கிடைக்கும். அமெரிக்காவில் 1971இல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் என்ற மலிவு விமான நிறுவனம் இதை வைத்துத்தான் வளர்ந்தது. உலகம் முழுக்க மற்றவர்கள் அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

8 மணி நேரம் பறக்கிற விமானத்தை எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் கூடுதல் நடை வராது. பழைய பெரிய நிறுவனங்களின் அகலமான விமானங்களும் ஏற்கெனவே நாளைக்கு 12, 14 மணி நேரம் வானத்தில்தான் இருக்கின்றன. ஆக, அந்தச் சூட்சுமம் இங்கே எடுபடாது. தூரம் கூடக் கூட மொத்தச் செலவில் எரிபொருளின் பங்கு ஏறும், எரிபொருள் விலையில் மலிவு விமானத்துக்குத் தனிச் சலுகை கிடையாது. குறுகிய தூரத்தில் விமானியும் பணிப்பெண்களும் இரவு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மெல்பர்ன் போனவர்களை அங்கேயே ஹோட்டலில் தங்கவைக்க வேண்டும், படி கொடுக்க வேண்டும்.

பிறகு எங்கேதான் மிச்சம் பிடிக்கிறார்கள்? இருக்கையில்தான். மலேசியாவின் மலிவு விமான நிறுவனமான ஏர் ஏசியா எக்ஸ் ஓட்டும் ஏர்பஸ் ஏ330-300இல் 377 இருக்கைகள். அதே ரக விமானத்தை மலேசியா ஏர்லைன்ஸ் 300க்கும் குறைவான இருக்கைகளோடு ஓட்டுகிறது. வழக்கமாக இரண்டு, நாலு, இரண்டு என்று எட்டுப் பேர் உட்காரும் வரிசையில் மூன்று, மூன்று, மூன்று என்று ஒன்பது பேர். ஆளுக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் அகலம் குறையும். சிங்கப்பூரின் மலிவு விமான நிறுவனமான ஸ்கூட் ஓட்டும் போயிங் 787-9இல் 375 இருக்கைகள்.

அதாவது இடநெருக்கடியைத்தான் விலைக்குறைப்பாக மாற்றித் தருகிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வெளிப்படையான வியாபாரம். 25 வயதில் அந்த ஒரு அங்குலம் தெரியாது, மூட்டுவலிக்காரர்களுக்கு எட்டு மணி நேரமும் தெரியும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரிய விமானங்களில் முன்னால் பிசினஸ் வகுப்பிலும், அடியில் சரக்கிலும் வருமானம் வருகிறது. அந்தத் தெம்பில் கூட்டம் இல்லாத மாதங்களில் பின்வரிசையை மிகக் குறைந்த விலைக்கு விற்க அவர்களால் முடியும். மலிவு விமானத்துக்கு அந்தத் தாங்கு கிடையாது. பிப்ரவரி பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டம் குறையும், அப்போது இரண்டு பக்கமும் பாருங்கள்.

மெல்பர்ன் மருமகள்

ஐயா, உங்கள் மகள் சொல்வதைக் கேளுங்கள். நானும் ஒரு மகள், ஒரு மருமகள். அதனால் சொல்கிறேன்.

என் மாமனார் மாமியார் மலிவு விமானத்தில் வந்தார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெட்டிக்கு முன்பே பணம் கட்டியிருந்தோம், அதில் சிக்கல் வரவில்லை. இரண்டாவது விமானம் ஏறும் வாசலில் ஒரு தராசு வைத்திருந்தார்கள். அத்தையின் கைப்பை 9 கிலோ சொச்சம் காட்டியது. திருச்சியில் யாரும் எடை போடவில்லை, ஆகவே சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். வரிசையை விட்டு ஒதுங்கி, தரையில் உட்கார்ந்து, பையைத் திறந்து, பிள்ளைக்குப் போட வாங்கிய வெள்ளிக் கொலுசு, பாலாடை, மூன்று மாத மாத்திரை, மாமாவின் இரத்த அழுத்தக் கருவி என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்திருக்கிறார்கள். மாமா சட்டைப்பை, பேன்ட் பை எல்லாவற்றிலும் மாத்திரை அட்டை. அத்தை இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார். அப்படியும் எடை கூடியதற்குப் பணம் கட்டித்தான் ஏறினார்கள். எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைத்தான் அத்தை இன்றும் சொல்வார். பணத்தைப் பற்றி அவர் பேசுவதே இல்லை.

விமானத்துக்குள் குளிர். போர்வை விலைக்குத்தான். அறிவிப்பு புரியாததால், கேட்டால் கிடைக்கும் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

கோலாலம்பூரில் மலிவு விமானங்கள் 2014இல் திறந்த இரண்டாம் முனையத்தில் நிற்கும். பெரிய இடம், வான்பாலம் ஏறி இறங்கி நிறைய நடக்க வேண்டும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று எந்த விமானமாக இருந்தாலும் டிக்கெட் போடும்போதே பதிவு செய்யுங்கள்.

அப்புறம், பொடி, ஊறுகாய், மூலிகை எது கொண்டுவந்தாலும் ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள், இல்லையென்றால் எடுத்துக்கொள்வார்கள். எழுதாமல் பிடிபட்டால் அபராதம் பெரிது.

ஈஸ்ட்ஹாம்

லண்டனில் இருந்து எழுதுகிறேன். நீண்ட தூர மலிவு விமானம் புதிய விடயம் இல்லை. இங்கே 1977 செப்டம்பரில் ஃபிரெடி லேக்கர் என்பவர் ஸ்கைட்ரெயின் என்று ஒரு மலிவு விமானச் சேவையை ஓடவிட்டார். லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் இருந்து நியூயார்க்குக்கு ஒருவழி 59 பவுண்டு. சாப்பாட்டுக்குத் தனிக்காசு. சனம் வரிசையில் நின்று ஏறியது. பெரிய நிறுவனங்கள் தங்கள் விலையை இறக்கின, லேக்கருக்கு விமானம் வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது, 1982 பிப்ரவரி 5இல் நிறுவனம் மூடப்பட்டது.

அதற்குப் பிறகும் கனக்கப் பேர் முயன்றார்கள். ஒயாசிஸ் ஹாங்காங் என்ற நிறுவனம் 2006இல் லண்டனுக்குப் பறக்கத் தொடங்கி 2008 ஏப்ரலில் நின்றது. ஏர் ஏசியா எக்ஸ் 2009 மார்ச்சில் கோலாலம்பூரில் இருந்து லண்டனின் இன்னொரு விமான நிலையமான ஸ்டான்ஸ்டெட் வந்தது, 2011இல் கேட்விக் மாறியது, எரிபொருள் விலையையும் இங்குள்ள வரிகளையும் காரணம் சொல்லி 2012 மார்ச்சோடு நிறுத்தியது. நார்வேயின் நோர்வீஜியன் நிறுவனம் 2013இல் தொடங்கிய நீண்ட தூரச் சேவையை 2021 ஜனவரியில் கைவிட்டது. ஐஸ்லாந்தின் வாவ் ஏர் 2018 டிசம்பரில் டெல்லிக்குக்கூட வந்தது, அடுத்த மாதமே அந்தத் தடத்தை நிறுத்தியது, 2019 மார்ச் 28இல் நிறுவனமே மூடிவிட்டது. சீட்டு வைத்திருந்தவர்கள் அந்தந்த ஊர் விமான நிலையத்திலேயே நின்றார்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஸ்கூட் பத்து ஆண்டு தாண்டியும் ஓடுகிறது, அதற்குப் பின்னால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் முன்கூட்டிச் சீட்டு வாங்கும்போது, அந்த ஆறு மாதத்துக்கு நாங்கள் அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருக்கிறோம் என்று எண்ண வேணும். கிரெடிட் கார்டில் வாங்குங்கள். பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை கார்டில் வாங்கிய பொருளோ சேவையோ கிடைக்காவிட்டால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு நிறுவனத்திடமே கேட்கலாம். இந்தியாவில் அதே சட்டம் இல்லை என்றாலும், கிடைக்காத சேவைக்கு வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திருப்பக் கேட்கும் வழி கார்டுக்கு உண்டு. நேரடியாக அனுப்பிய பணத்துக்கு அதுவும் கிடையாது.

வரியையும் பாருங்கள். 2025 ஏப்ரலில் லண்டனில் இருந்து இந்தியாவுக்குக் கிளம்பும் எகானமி பயணிக்கு அரச வரி 90 பவுண்டு ஆனது. மலிவு விமானமோ பெரிய விமானமோ, வரி ஒன்றுதான். அதை எந்தக் கம்பனியாலும் குறைக்க ஏலாது.

சாங்கி வாசி

எல்லாரும் பெட்டி, சாப்பாடு, போர்வை என்றே பேசுகிறீர்கள். அதைவிட முக்கியமானது ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா என்பது.

திருச்சி–கோலாலம்பூர் ஒரு நிறுவனத்தில் மலிவாகக் கிடைக்கிறது, கோலாலம்பூர்–மெல்பர்ன் இன்னொன்றில் மலிவாகக் கிடைக்கிறது என்று பிள்ளைகள் தனித்தனியாக வாங்கிக் கோர்த்துவிடுகிறார்கள். அப்படி வாங்கினால் நடுவில் இறங்கி, குடிநுழைவு தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடியும் வரிசையில் நின்று கொடுக்க வேண்டும். மலேசியா 2023 டிசம்பரில் இருந்து இந்தியர்களை விசா இல்லாமல் விடுகிறது, ஆனாலும் டிஜிட்டல் வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். சிங்கப்பூரில் இந்தியர்களுக்கு விசா வேண்டும். ஆஸ்திரேலிய விசா கையில் இருந்தால் 96 மணி நேரம் விசா இல்லாமல் இடைத்தங்கலாம் என்று ஒரு வசதி உண்டு, அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. 60 தாண்டியவர்களை அந்த வரிசையில் நிறுத்தி விளக்கம் சொல்லவைப்பது நியாயமில்லை.

மலிவு விமானத்திலேயே போவதானாலும் ஒரே பதிவில் இரண்டு கட்டத்தையும் வாங்குங்கள். ஏர் ஏசியாவில் ஃப்ளைத்ரூ என்று பெயர். பெட்டி நேராக மெல்பர்ன் போய்விடும், நடுவில் வெளியே வர வேண்டியதில்லை.

நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தளத்தில் திருச்சி–மெல்பர்ன் என்று தேடினால், முதல் கட்டம் ஸ்கூட், இரண்டாவது கட்டம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்று ஒரே டிக்கெட்டாக வரும். ஏறுவது மலிவு விமானம்தான், ஆனால் பெட்டி எடை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் டிக்கெட்டில் உள்ளபடி.

நெய்வேலி நிலா

சாங்கி வாசி சொன்னது என் தம்பிக்கு நடந்தது. நிறுவனங்களின் பெயர் சொல்லவில்லை. இரண்டு தனி டிக்கெட். நடுவில் ஐந்து மணி நேரம் இடைவெளி வைத்திருந்தான், போதாதா? முதல் விமானம் சென்னையிலேயே ஆறு மணி நேரம் தாமதம். போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது விமானம் போய்விட்டது. முதல் நிறுவனம், "உங்களைக் கோலாலம்பூரில் சேர்ப்பதுதான் எங்கள் வேலை, சேர்த்துவிட்டோம்" என்றது. இரண்டாவது நிறுவனம், "நீங்கள் வரவில்லை, டிக்கெட் முடிந்தது" என்றது. இரண்டுமே அவரவர் விதிப்படி சரி. அன்றைய விலைக்குப் புது டிக்கெட் வாங்கினான். அந்த ஒரு டிக்கெட், முதலில் அவன் வேண்டாம் என்று விட்ட முழுச்சேவை டிக்கெட்டின் போக வர விலைக்குக் கிட்டத்தட்ட வந்தது.

தாமதத்துக்கு ஐரோப்பாவில் கொடுப்பதுபோலப் பணம் கிடைக்குமா என்று விசாரித்தோம். ஐரோப்பாவில் 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ வரை நட்ட ஈடு உண்டு. அந்தச் சட்டம் இந்தப் பக்கம் செல்லாது. மலேசியாவின் விதியில் 2 மணி நேரம் தாண்டினால் சாப்பாடு, 2024 செப்டம்பருக்குப் பிறகு 5 மணி நேரத் தாமதம் என்றால் பயணத்தை விட்டுவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும். நடுவில் அறுந்த தொடர்ச்சியைப் பற்றி எந்த விதியும் பேசுவதில்லை.

காவிரிக்கரை

எல்லாருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. மெல்பர்ன் மருமகள் எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், தராசு கதையைக் கேட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஒரு சந்தேகம். மருமகன் ஒரு முன்பதிவுத் தளத்தில் பார்த்த விலையை அனுப்பியிருக்கிறார். ஒரே பக்கத்தில், ஒரே தொகையாகக் காட்டுகிறது. அது ஒரே டிக்கெட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிக்கெட் மேசை

ஒரே தொகை என்பதால் ஒரே டிக்கெட் என்று ஆகிவிடாது ஐயா. சில தளங்கள் இரண்டு தனி டிக்கெட்டை ஒட்டி விற்கும். சிறு எழுத்தில் செல்ஃப் டிரான்ஸ்ஃபர் என்று போட்டிருக்கும். அந்தச் சொல் தென்பட்டால் இணைப்பு உங்கள் பொறுப்பு. பதிவு எண் இரண்டு வந்தாலும் எச்சரிக்கை. கடைசிச் சோதனை திருச்சி கவுன்டரில்: பெட்டியில் ஒட்டும் சீட்டில் மெல்பர்ன் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். கோலாலம்பூர் என்றோ சிங்கப்பூர் என்றோ இருந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஒரே டிக்கெட்டில் பெட்டி தொலைந்தால் கடைசியாகக் கொண்டுவந்த நிறுவனத்திடம் கேட்கலாம். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2024 டிசம்பர் 28இல் இருந்து பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டு. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா எல்லாமே அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன.

படிக்கவந்தவன்

மேசை அண்ணன் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மலிவு விமானங்களில் ஏஜென்டுக்குக் கமிஷன் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஏஜென்ட்கள் பெரிய விமானத்தின் பக்கம் சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பேச்சு உண்டு.

இன்னொன்று, எல்லாரும் மோசமான நாளை மட்டும் எடுத்துப் பேசுகிறீர்கள். என்னோடு படிக்கிறவர்கள் வருஷா வருஷம் இந்த விமானங்களில்தான் வருகிறார்கள், போகிறார்கள். பெரும்பாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்கிறோம். இவை இல்லையென்றால் எங்களில் பாதிப் பேர் படிப்பு முடியும்வரை வீட்டுப் பக்கம் வந்திருக்கவே மாட்டோம். ஊரில் பாட்டி இறந்தபோது மூன்றே நாளில் என் அறைத்தோழன் வந்துசேர்ந்தது மலிவு விமானத்தில்தான். அதையும் கணக்கில் சேருங்கள்.

டிக்கெட் மேசை

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. பெரிய விமானங்களிலும் அடிப்படைக் கமிஷன் பெரும்பாலும் போய்விட்டது. நான் வாங்குவது சேவைக் கட்டணம், எந்த டிக்கெட் போட்டாலும் ஒரே தொகை. என் கடையில் மலிவு விமான டிக்கெட்டும் நிறையப் போடுகிறேன். சின்ன வயது, சின்னப் பை, ஒரே பதிவு என்று மூன்றும் இருந்தால் நானே அதைத்தான் காட்டுவேன். பாட்டி விஷயமும் உண்மை. அவசரத்துக்கு ஒருவழியாகப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

ஹேங்கர் 3

தம்பி சொன்னதற்கு மேலே ஒன்று சேர்க்கிறேன். மலிவு விமானத்தில் ஏறாதவர்களுக்கும் அதனால் மிச்சம் உண்டு. லேக்கர் 59 பவுண்டுக்கு விற்றபோது மற்றவர்களும் இறங்கிவந்தார்கள் என்று ஈஸ்ட்ஹாம் எழுதியிருக்கிறார். கோலாலம்பூர் வழியாகவும் சிங்கப்பூர் வழியாகவும் மலிவு விமானம் மெல்பர்னுக்குப் போவதால்தான், கொழும்பு வழியாகப் போகும் முழுச்சேவை விமானமும் தன் விலையை ஒரு எல்லைக்குள் வைத்திருக்கிறது. அந்த மலிவு விமானங்கள் நாளைக்கு நின்றுவிட்டால் ஐயா பார்த்த 54,000 அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு தடத்தில் போட்டியாளர் விலகினால் விலை ஏறுவதை இந்தத் தொழிலில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆகவே இளைஞர்கள் அதில் ஏறட்டும், ஏறிக்கொண்டே இருக்கட்டும். பெற்றோரின் டிக்கெட் விலையையும் அவர்கள்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

கோவை குளிர்

மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தகவல். சிட்னி போவதானால் பெங்களூரில் இருந்து ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் 2022 செப்டம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. சேலம், ஈரோடு, கோவையில் இருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ பெங்களூர் போய்விடலாம். விலை கூடத்தான். நடுவில் மாறுவதே வேண்டாம் என்கிறவர்கள் பார்க்கலாம்.

அதேபோல மலிவு விமானத்தில் எந்த விமான நிலையத்தில் இறக்குகிறார்கள் என்று பாருங்கள். ஏர் ஏசியா எக்ஸ் 2018 டிசம்பரில் இருந்து சில ஆண்டுகள் மெல்பர்ன் என்று விற்றது ஆவலான் விமான நிலையத்தை. அது ஜீலாங் பக்கம், நகரத்தில் இருந்து 50 கிலோமீட்டர். 2022இல் மறுபடியும் பெரிய விமான நிலையத்துக்கு வந்துவிட்டது.

காவிரிக்கரை

மேசை அண்ணன் கடைக்கு நேரிலேயே போய்விட்டு வந்தேன்.

எனக்கு இடையில் ஒரு யோசனை வந்தது. வயல் வேலைக்காக நான் முன்னதாகத் திரும்ப வேண்டியிருக்கும். போகும்போது இருவரும் முழுச்சேவையில் போகலாம், திரும்பும்போது நான் மட்டும் கைப்பையோடு மலிவு விமானத்தில் வந்துவிடலாம் என்று நினைத்தேன். விலை கேட்டால், படிக்கவந்தவன் தம்பி சொன்னது அப்படியே இருக்கிறது: முழுச்சேவையில் ஒருவழி மட்டும் 34,000 சொல்கிறார்கள். திரும்ப மலிவு விமானம் 18,000. இரண்டும் சேர்ந்து 52,000. இரண்டாயிரத்துக்காகத் தனியாக மாறி வர வேண்டுமா என்று விட்டுவிட்டேன்.

இருவருக்கும் கொழும்பு வழியாக ஒரே டிக்கெட், போக வர, வேறு வேறு திரும்பும் தேதியில் போட்டாகிவிட்டது. மனைவிக்குச் சக்கர நாற்காலி பதிவாகிவிட்டது. மருமகனிடம் இந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பினேன். அவர் தன் நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறார்.

புதுக்கோட்டை பாலை

தாமதமாக வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். அடுத்த மாதம் திருச்சியில் இருந்து வெளிநாடு போக மலிவு விமான டிக்கெட் வாங்கியாகிவிட்டது. உடல்நிலை காரணமாகப் போக முடியாது. பணம் திரும்பாது என்று டிக்கெட்டிலேயே எழுதியிருக்கிறது. மொத்தமும் போச்சா?

டிக்கெட் மேசை

அடிப்படைக் கட்டணம் போயிருக்கலாம், மொத்தமும் போகாது. டிக்கெட்டில் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம், பயணிகள் சேவைக் கட்டணம், வரி என்று தனித்தனியாக வரிசை இருக்கும். பயணம் செய்யாதவரின் அந்தப் பணத்தை நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது, சலுகை விலை டிக்கெட்டாக இருந்தாலும் திருப்பித்தர வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. வெளிநாட்டு நிறுவனம் என்றால் அந்த நாட்டு விதிப்படி நடப்பார்கள், ஆனாலும் வரியைக் கேட்டால் பலர் தருகிறார்கள். தானாக வராது, நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும்.

விமானம் கிளம்புவதற்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள். பணத்தை அவர்களின் கணக்கில் கிரெடிட்டாக வைக்கவா என்று கேட்டால் வேண்டாம், கார்டுக்கே அனுப்புங்கள் என்று எழுதுங்கள். டாக்டர் சான்றிதழ் இருந்தால் இணைத்துவிடுங்கள், சில நிறுவனங்கள் தேதி மாற்றக் கட்டணத்தைக் குறைப்பார்கள். டிக்கெட்டின் கட்டண வரிசையை மட்டும் இங்கே போடுங்கள், பதிவு எண்ணை மறைத்துவிடுங்கள். எவ்வளவு திரும்ப வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.